கிளம்பிக்கொண்டே இருக்கும் முதுகு டாக்டர்

சோளக்காட்டு நடுவே இருக்கும் எங்கள் ஊரான நியூ ஆரிக்கில் ஒரு வீட்டிலிருந்து கிளம்புவது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் உட்கார்ந்தபடியே இரண்டு தொடைகளையும் தட்டி, "சரி, அப்ப..." என்று சொல்ல வேண்டும். அது வெறும் அறிவிப்பு. அதை நம்பி யாரும் வந்தவருடைய கோட்டை எடுத்து நீட்டிவிடக் கூடாது. பிறகு எழுந்து நின்று மழையைப் பற்றிக் கொஞ்சம். கதவுப் பிடியில் கைவைத்தபடி சோயா விலையைப் பற்றிக் கொஞ்சம். வாசலில் நின்று, யாருக்கு எந்த முழங்காலை மாற்றினார்கள் என்பது. கடைசியாக வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, அங்கேதான் உண்மையான பேச்சு. ஹைகோ ஃப்ரெரிக்ஸ் ஒரு மார்ச் மாதம் தன் மைத்துனன் வீட்டில் தொடையைத் தட்டியபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வண்டியைக் கிளப்பியபோது பாதையின் இரு பக்கமும் சோளம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. இதை அவர் மனைவி மட்டும் மறுக்கிறாள். கணுக்கால் உயரம்தானாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கிரேட்டா வெசல்ஸ் என்கிற பெண்ணின் படிப்பு, சம்பளம், எதிர்காலம் மூன்றும் வந்து மாட்டிக்கொண்டது இந்தக் கதவிடுக்கில்தான்.

கிரேட்டாவின் அப்பா ஹார்ம் பன்றி வளர்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை என்று பன்றிகளுக்குத் தெரியாது. ஆகவே அந்தக் குடும்பம் தேவாலயத்துக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். கடைசி இருக்கைதான் கிடைக்கும். மற்றக் குழந்தைகள் ஊராரை முகத்தால் தெரிந்துகொண்டார்கள் என்றால், கிரேட்டா முதுகால் தெரிந்துகொண்டாள். யாருடைய தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, யாருக்கு இடுப்பு ஒரு விரல் ஏறியிருக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு தடவை ஜெபத்தின் நடுவே, எல்லோரும் கண்ணை மூடியிருந்த அமைதியில், அவள் குரல் கணீரென்று கேட்டது: "அம்மா, வில்மருக்கு இடது தோள் போன வாரத்தைவிட இறங்கியிருக்கு." வில்மர் ஐலர்ஸ் அந்த ஆராதனை முடியும்வரை ராணுவக்காரர் மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு நேரம் நிமிர்ந்து இருந்தது அதுதான் கடைசி.

கைகள் வேறு அவளுக்குத் தகப்பனுடையவை. சப்பாத்திப் பலகை அகலம். பதினாலு வயதில் சுளுக்கிக்கொண்ட ஒரு பன்றிக்கு அவள் நீவிவிட்டாள். அந்தப் பன்றி மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியது. ரிப்பன் கட்டும்போது அது நடுவருக்குத் தலை வணங்கியது என்று ஹார்ம் இன்றைக்கும் சொல்லுவார். நான் அங்கே இருந்தேன். வணங்கவில்லை. கொஞ்சம் தலையசைத்தது, அவ்வளவுதான்.

பிறகென்ன, மிசிசிப்பிக் கரையில் டேவன்போர்ட்டுக்குப் போய் கைரோபிராக்டர் படிப்பு படித்தாள். முதுகெலும்பைக் கையாலேயே நேர்செய்யும் அந்த வித்தை பிறந்த ஊரே அதுதான். படிப்பு முடிந்தபோது கையில் ஒரு பட்டம், தலையில் ஒரு கடன். அந்தக் கடனுக்குப் புது அறுவடை எந்திரம் ஒன்று வாங்கியிருக்கலாம் என்றார் ஹார்ம். எந்திரமாவது வயலில் ஓடும்.

கல்லூரியில் கடைசி வருடம் பெரிய பெரிய படமெல்லாம் போட்டுக் காட்டியிருந்தார்கள். படத்தில் வந்த டாக்டர்கள் எல்லோரும் நீச்சல் குளத்தருகே சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் புதிதாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு நிஜத்தில் கிடைத்தது இரண்டே வழி. ஒன்று, யாரோ ஒருவருடைய மருத்துவமனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஆள் வருமா என்று சன்னலைப் பார்த்து உட்காருவது. இன்னொன்று, பெரிய டாக்டர் ஒருவரிடம் உதவியாளாகச் சேருவது. கிரேட்டா இரண்டாவதைப் பிடித்தாள். எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி, மாவட்டத் தலைநகரான மார்லோவில், டாக்டர் ராண்டல் கிஃப்பிடம்.

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் ஹார்ம் கேட்டார். "டாக்டர்னா மாசம் எவ்வளவு?"

"முதல் ஆறு மாசம் நிலையான சம்பளம்ப்பா. அதுக்கப்புறம் நான் பாக்குற ஆளுங்க குடுக்கிற பணத்துல மூணுல ஒரு பங்கு."

"ஆளுங்க வரலேன்னா?"

"ஒண்ணுமே இல்லாததுல மூணுல ஒரு பங்கு."

ஹார்ம் உருளைக்கிழங்கை நறுக்கியபடி யோசித்தார். "என் பன்னிங்க இதைவிட நல்ல ஒப்பந்தத்துல இருக்குதுங்க. தீனி நிச்சயம்."

"கடைசில அதுங்களை என்ன பண்றீங்கன்னு அதுங்களுக்குத் தெரியாதுப்பா."

"உனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

அம்மா தீடா இருவருக்கும் நடுவே தேநீர்க் கெண்டியை வைத்தாள். "சாப்பிடும்போது பன்னிப் பேச்சு வேணாம். பன்னியைச் சாப்பிட்டுக்கிட்டே பன்னிப் பேச்சா?"

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. வேலையை விட்டுப் போனால் கிஃப்பின் இடத்திலிருந்து பத்து மைல் சுற்றளவுக்குள் தனியாகத் தொழில் செய்யக் கூடாது. "அதுக்கு அப்பால சோளத்துக்குத்தான் முதுகு பாக்கணும்" என்று சொல்லி கிஃப் சிரித்தாராம்.

கிரேட்டாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தான் சின்ன வயதிலிருந்து மனப்பாடம் பண்ணிய முதுகுகள் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஆகஸ்டில் கண்காட்சி முடிவதற்குள் தனக்கென்று போதிய ஆள் சேராவிட்டால், கடனைக் கட்ட வேறு மாநிலம்தான். கூடப் படித்த டாரியோ பெலிச் ஏற்கெனவே ஃபீனிக்ஸில் ஒரு கடைவளாகத்தில் சேர்ந்துவிட்டான். அங்கே மணிக்கணக்கில் சம்பளம். ஆள் வந்தாலும் சம்பளம், வராவிட்டாலும் சம்பளம்.

மார்ச்சில் வேலை தொடங்கியது. முதலில் வந்தவர்களில் ஒருவர் நம் வில்மர் ஐலர்ஸ்.

"சொல்லுங்க வில்மர், எங்க வலிக்குது?"

"வலியா? குறை சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"டோரத்தியா கொண்டுவந்து விட்டுட்டுப் போயிருக்கா. அவளுக்குக் கடைக்குப் போகணுமாம்."

"சரி, ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள வலிக்கு ஒரு மார்க் போடுங்க. பத்துன்னா தாங்கவே முடியாதுன்னு அர்த்தம்."

வில்மர் கூரையைப் பார்த்தார். "மத்தவங்க எல்லாம் எவ்வளவு சொல்றாங்க?"

"அதை விடுங்க. உங்களுக்கு எவ்வளவு?"

"ரெண்டு." கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு ஜாஸ்தியோ? ஒண்ணரைன்னு போட்டுக்கயேன்."

எங்கள் ஊரில் பத்து என்கிற மார்க்கை இதுவரை யாரும் வாங்கியதில்லை. பிள்ளை பெறுகிறவர்கள் நாலோடு நிறுத்திக்கொள்வார்கள். யோஹன் என்பவர் காலில் டிராக்டர் ஏறியபோது அவர் மூன்று என்றார். அதைச் சொல்லும்போதும் டிராக்டர் அவர் காலின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

ஒண்ணரை மார்க்குக்கு என்ன வைத்தியமோ அதைச் செய்தாள் கிரேட்டா. கீழ் முதுகில் இரண்டு அழுத்து; சடக் சடக்கென்று சத்தம்; முடிந்தது. வில்மர் எழுந்து உட்கார்ந்து தொடையைத் தட்டினார். மழை. கதவுப் பிடி, சோயா. வாசல், முழங்கால். கிரேட்டாவும் நல்ல வீட்டுப் பெண்ணாக அவர் பின்னாலேயே வண்டிவரை வந்தாள். கடைக்குப் போய்த் திரும்பியிருந்த அவர் மனைவி டோரத்தியா வண்டியைக் கிளப்பியே விட்டாள். அப்போது வில்மர் கண்ணாடியை இறக்கினார்.

"அந்த வலது கை... ஒண்ணுமில்ல, சும்மாதான். ஈஸ்டர்லேருந்து தோளுக்கு மேல போகல."

"எந்த ஈஸ்டர்?"

"போன வருஷ ஈஸ்டர்."

"சட்டை எப்படிப் போடுறீங்க?"

டோரத்தியா குனிந்து எட்டிப் பார்த்தாள். "நான்தான் நுழைச்சு விடுறேன். சோளக்கொல்லை பொம்மைக்குப் போடுற மாதிரி."

"இதை ஏன் உள்ளயே சொல்லல?"

"உள்ள நீ வேலையா இருந்த. எதுக்குத் தொந்தரவுன்னு."

கிரேட்டா அவரைத் திரும்ப உள்ளே அழைத்துப் போனாள். இப்படியே ஒவ்வொருவரும். மேசையில் படுத்திருக்கும்போது கல்லுப்பிள்ளையாராக இருப்பவர்கள், வண்டிச் சன்னலுக்கு வந்ததும் மடை திறந்துவிடுவார்கள். காத்திருப்பு அறை நிரம்பி வழிந்தது. காத்திருந்தவர்களோ, டாக்டருக்கு வேலை அதிகம், பாவம், என்று இரக்கப்பட்டுச் சத்தம் காட்டாமல் வீட்டுக்குப் போனார்கள்.

டாக்டர் கிஃப் கெட்ட மனிதர் இல்லை. கடிகாரத்துக்கு வாழ்க்கைப்பட்டவர், அவ்வளவே. ஆளுக்குப் பத்து நிமிடம் என்பது அவர் கணக்கு. ஒருநாள் கூப்பிட்டார்.

"கிரேட்டா, நீ வாசல்ல நின்னு பேசுறதுக்கெல்லாம் இன்சூரன்ஸ்காரன் காசு தரமாட்டான்."

"வாசலுக்கு வந்தாத்தான் டாக்டர் நோயே வெளிய வருது."

"அப்ப நோயைக் கொஞ்சம் சீக்கிரமா வரச் சொல்லு."

சரி, பிழைப்பு வேண்டுமே. மே மாதத்திலிருந்து அவளும் கடிகாரத்தோடு ஓடினாள். வேலை முடிந்ததும் தானே போய்க் கதவைத் திறந்துவைத்தாள். எங்கள் ஊரில் ஒருவர் சோயாவுக்கு வருமுன் அவருக்குக் கதவைத் திறந்துவிடுவது, கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். ஆனால் அதை யாராவது சொல்வார்களா? "ரொம்ப நன்றிம்மா, ரொம்ப நன்றி" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் யாரோ கேட்டார்கள், புது டாக்டர் எப்படி என்று. "வித்தியாசமா இருந்துச்சு" என்றாள் ஒருத்தி.

முடிந்தது கதை. எங்களிடம் இதைவிடக் கொடிய சொல் கிடையாது. முன்பு ஒரு போதகரின் மனைவி உருளைக்கிழங்கு சாலட்டில் உலர்திராட்சையைப் போட்டுவிட்டாள். அவளுக்கு இந்தச் சொல்தான் கிடைத்தது. அறுவடைக்குள் அவர்கள் வேறு சபைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சோளம் முற்றுவதற்குள் கிரேட்டாவின் காத்திருப்பு அறையில் நாற்காலிகள் மட்டும் காத்திருந்தன. கண்காட்சி முடிந்த திங்கட்கிழமை கிஃப், வருத்தத்தோடுதான், இனிமேல் பங்கு மட்டும்தான் என்றார். அந்தப் பங்கு மார்லோவுக்குப் போய்வரும் பெட்ரோலுக்கே காணாது. அன்று மாலை டாரியோ போன் செய்தான்.

"வந்துரு கிரேட்டா. இங்க எல்லாரும் உள்ள வந்ததுமே வலிக்குதுன்னு கத்துறாங்க."

"வந்ததுமேயா?"

"கதவைத் திறக்கும்போதே."

"அடேயப்பா" என்றாள் கிரேட்டா. வேறு என்ன சொல்வது? மறுநாள் வேலையை விட்டுவிட்டு ஃபீனிக்ஸுக்குப் போவதென்று முடிவுசெய்தாள். விஷயத்தைக் கேட்ட தீடா, "நல்ல ஊராம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, சரக்கறைக்குள் போய் ஊறுகாய்ச் சாடிகளைப் பொழுதுசாயும்வரை மாற்றி மாற்றி அடுக்கினாள். ஹார்ம் பன்றிகளிடம் போனார். அவை என்ன சொல்லின என்று தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் வழியனுப்பு விருந்து. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். பாலில் வெந்த உருளைக்கிழங்கு, பன்றித்தொடைக் கறி, காரட் துருவிப் போட்ட ஆரஞ்சு ஜெல்லி, கற்கண்டு போட்ட தேநீர். "போய் வா கிரேட்டா" என்று எழுதின கேக். எல்லோரும் சாப்பிட்டார்கள், மேசைகளை மடித்தார்கள். கிரேட்டா கடைசியில் கதவருகே போய் நின்றாள், ஒவ்வொருவராக விடைகொடுக்க.

இங்கேதான் ஊர் ஒரு தப்புச் செய்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமுடியாத தப்பு. கிளம்புகிற நேரத்தில்தான் உண்மை வாயில் வரும் ஜனங்களை, மொத்தமாக, ஒரே கதவில், ஒரே விடைபெறுதலுக்கு வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

முதலில் வில்மர். "அப்ப... கிளம்புற."

"ஆமாங்க."

"ஃபீனிக்ஸ்ல வெயில் ஜாஸ்தியாம்."

"அப்படித்தான் சொல்றாங்க."

"மழை கிடையாதாம்." கதவுப் பிடியைத் தடவினார். "அந்தக் கை இன்னும் மேல போகல."

"தள்ளுங்க, இவருக்கு எப்பவும் கைப் பேச்சுதான்" என்று டோரத்தியா முன்னால் வந்தாள். "எனக்கு குனிஞ்சா நிமிர முடியல கிரேட்டா. வியாழக்கிழமை கேக்கை அடுப்புக்குள்ள வச்சேன். அது வெந்து முடியிற வரைக்கும் அப்படியே குனிஞ்சு நின்னேன். வெந்ததும் எடுத்துக்கிட்டு, அப்படியே நடந்தேன்."

"எனக்கு வந்து..." என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற போதகர் லுப்பன், குரலைத் தாழ்த்தி. அவருக்குக் கழுத்து மூன்று வருடமாக இடது பக்கம் மட்டும்தான் திரும்புகிறதாம். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மூன்று வருடமாக அவர் இடது பக்கத்து ஆட்களையே பார்த்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். வலது பக்கம் உட்கார்ந்தவர்கள் சற்றுத் துணிச்சலாகவே பாவம் செய்துவந்ததற்கும் அதுதான் காரணம்.

கிரேட்டா போட்டிருந்த நல்ல கவுனின் கையை மடித்துவிட்டாள். மடித்த மேசை ஒன்றைத் திரும்ப விரிக்கச் சொன்னாள். வரிசை படியேறி, வாசல் தாண்டி, வண்டி நிறுத்தும் இடம்வரை நீண்டது. உள்ளே சடக் சடக்கென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. தெருவில் போனவர்கள் யாரோ சோளப்பொரி வறுக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே வந்து வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் நிற்காதவர் ஒருவர்தான். ஹைகோ ஃப்ரெரிக்ஸ். அவர் எல்லோருக்கும் கடைசியில் விடைபெறுவதைக் கௌரவமாக நினைப்பவர். வரிசை தீர்ந்தபின், வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார். கிரேட்டா கைகளை உதறிக்கொண்டே வந்து குனிந்தாள்.

"நல்லபடியா போய்ட்டு வாம்மா" என்றார். மழை, சோயா, முழங்கால் எல்லாம் ஆனது. "எனக்கு ஒண்ணுமில்ல. தானியக் கிடங்கு ஏணில ஏறினா மட்டும் நெஞ்சுல யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கு. கன்னுக்குட்டி மாதிரி. சின்னக் கன்னுக்குட்டிதான்."

"எப்பலேருந்து?"

"இப்பவும் உட்கார்ந்திருக்கு."

"கை?"

"இடது கையிலயும் கொஞ்சம். முதுகுல நீ ஒரு தட்டு தட்டினா..."

"நான் தட்ட மாட்டேன். இது என் வேலையே இல்ல." அவள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவரை மறுபக்கம் நகர்த்தி, அவர் மனைவியை உள்ளே ஏற்றினாள். "ஆஸ்பத்திரிக்கு விடுங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். எங்கயும் நிக்காதீங்க."

"அப்ப இன்னொரு விஷயம்" என்று ஹைகோ கண்ணாடிப் பக்கம் சாய்ந்தார். "அந்த மேற்கு வயல்..."

கிரேட்டா வெளியிலிருந்து கையை விட்டு, கண்ணாடியை ஏற்றும் பொத்தானை அழுத்தினாள். "போங்க!"

வாசலில் நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நியூ ஆரிக் தோன்றிய நாளிலிருந்து, பேச்சின் நடுவே ஒருவரை அனுப்பிவைத்தது அது ஒருமுறைதான்.

மருத்துவமனையில் இதயக் குழாயில் அடைப்பு என்று சொல்லி உடனே உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தால் பேச்சு அத்தோடு நின்றிருக்கும் என்றாராம் அங்கிருந்த டாக்டர்.

கிரேட்டா பெட்டிகளைக் காரில் ஏற்றிவைத்திருந்தாள். ஹைகோ வீடு திரும்பும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒத்திப்போட்டாள். அவர் திரும்பியதும் முதல் வேலையாக வெசல்ஸ் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ என்கிட்ட ஒழுங்கா விடைகூட வாங்கல."

"உயிர் முக்கியமா, விடை முக்கியமா?"

ஹைகோ யோசித்தார். "ரெண்டும்தான்." தேநீரை உறிஞ்சினார். "மைத்துனனோட கட்டடம் ஒண்ணு மெயின் ரோட்டுல சும்மா கிடக்கு. பேங்க் இருந்துச்சே, அது. எலிதான் இருக்கு. உனக்கு வேணாம்தான். சும்மா சொன்னேன்."

"வேணாங்க."

"அதான், எதுக்கு உனக்கு?"

"ஆமா, எனக்கெதுக்கு?" கிரேட்டா அவர் கோப்பையை நிரப்பினாள். "வாடகை ஜாஸ்தியா இருக்கும்."

"ஆறு மாசத்துக்கு வாடகை கேட்க மாட்டான். கேட்டா நான் அவன் வீட்டுக்குப் போய்க் கிளம்புவேன்னு சொல்லியிருக்கேன்."

"வேணாங்க, தொந்தரவு."

"தொந்தரவுதான்" என்று ஒப்புக்கொண்ட ஹைகோ, சாவியைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "நீ போய்ட்டா நாங்க யார்கிட்ட கிளம்புறது?"

சரக்கறையில் ஊறுகாய்ச் சாடி ஒன்று டொக்கென்று விழுந்தது. எங்கள் ஊரில் அதுதான் தாயின் சம்மதம்.

மூன்று தடவை வேண்டாம் என்றாகிவிட்டதால், எங்கள் ஊர் வழக்கப்படி இனி வாங்கிக்கொள்வதில் மரியாதைக் குறைவில்லை. பன்னிரண்டு மைல் தள்ளி இருப்பதால் ஒப்பந்தமும் தடுக்கவில்லை. அந்த பேங்க் கட்டடத்தின் பக்கச் சுவரில், காரில் இருந்தபடியே பணம் போடும் சன்னல் ஒன்று உண்டு. கிரேட்டா அந்தச் சன்னலுக்குள்தான் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். இப்போது யார் வந்தாலும் முதலில் காரோடு சன்னலுக்கு வர வேண்டும். கண்ணாடியை இறக்கியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "சரி, அப்ப கிளம்புறீங்களா?" அவ்வளவுதான், எல்லாம் கொட்டிவிடும். அதற்குப் பிறகுதான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து மேசையில் படுப்பது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. கடிகாரத்தை அவள் பார்ப்பதுமில்லை.

பணம் என்று பார்த்தால், முதல் வருடம் கிஃப் கொடுத்ததைவிடக் குறைவு. அதிலும் பாதி சோளக்கதிரும் சுக்கினிக் காயுமாக வந்தது. சுக்கினி காய்க்கும் மாதத்தில் அவள் காரைப் பூட்ட மறந்தாள்; ஊரார் மிஞ்சிய காயையெல்லாம் உள்ளே போட்டுவிட்டுப் போக, ஓட்டுநர் இருக்கையில் உட்கார இடமில்லாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். வருட முடிவில் கணக்குப் பார்த்தால், அந்த அறுவடை எந்திரத்தின் ஒரு சக்கரத்துக்கு மட்டும் கடன் அடைந்திருந்தது. இரண்டாம் வருடம் இன்னொரு சக்கரம். மூன்றாம் வருடம் மார்லோவிலிருந்தே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போன மாதம் டாக்டர் கிஃப்பின் காரும் சன்னலுக்கு வந்தது. வலிக்கு மார்க் ஒண்ணரை என்றார் அவரும்.

போதகரின் கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. வலது பக்கத்துக்காரர்களுக்கு அதில் அவ்வளவு சந்தோஷமில்லை. வில்மர் தானே சட்டை போட்டுக்கொள்கிறார். பட்டனை மட்டும் மாற்றிப் போடுகிறார்.

கிரேட்டாவின் பெட்டியில் ஒன்று இன்னமும் காரின் பின்னால்தான் கிடக்கிறது. இறக்கினால் வழியனுப்பு விருந்து பொய்யாகிவிடும். கேக் சாப்பிட்டவர்களுக்கு அது மரியாதையா? டாரியோ இன்றும் எப்போதாவது போன் செய்கிறான்.

"எப்பத்தான் வர்ற கிரேட்டா?"

"கிளம்பிட்டேன் டாரியோ" என்கிறாள் அவள், சன்னலில் வந்து நிற்கும் அடுத்த காருக்குக் கைகாட்டியபடி. "இதோ, கதவுகிட்டதான் நிக்கிறேன்."